படியேறும் வண்டியின் குறைகள்

என் சகலை இல்லாதப்பட்டவர்களுக்காக ஒரு வண்டி செய்தார். வாங்கிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பாராட்டினார்கள். அவருக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கியது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். பொறியாளர். பெரிய கம்பெனி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவு வடிவமைத்துக்கொண்டிருந்தார். கதவு மூடும்போது சத்தம் வரக்கூடாது. அதற்கென்றே ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு மேலாளர். ஒரு நாள் அதை உதறிவிட்டு, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் உபயோகமான சாமான்கள் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் பாதியாகியது.

"பாதிச் சம்பளத்துக்கு எதுக்கு வெளியில போகணும்? அதை நானே குடுப்பேனே" என்றார் எங்கள் மாமனார்.

மாமனாருக்குத் தானியக் கிடங்கு இருக்கிறது. அங்கே தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும். முதலில் அதில் என்னை உட்காரவைக்கத்தான் பெண் கொடுத்தார். நான் பிளாஸ்டிக் சாமான் கடை போட்டுத் தப்பித்தேன். அதன் பிறகு அவர் பார்வை இளைய மாப்பிள்ளை மேல் விழுந்தது. இந்த வேலையும் போனால் மறுபேச்சில்லாமல் நாற்காலிதான் என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. சகலையை யாரும் கேட்கவில்லை.

என் கடை ஒரு மேட்டின் அடியில் இருக்கிறது. எதிரே பொதுக் குழாய். மேட்டின் மேல் ஒன்றோடொன்று முதுகு உரசும் வீடுகள். இரண்டுக்கும் நடுவே படிகள். படி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், கட்டியவர்கள் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத சமயத்தில் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் காலையில் வரும், எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது. நிற்பதற்குள் மேலே சுமந்துவிட வேண்டும். என் கடையில் வாளியைவிட இடுப்புவலிப் பட்டை நன்றாகப் போகும்.

இந்தப் படிகளைப் பார்த்துத்தான் சகலை வண்டியை வடிவமைத்தார். பக்கத்துக்கு மூன்று சின்னச் சக்கரங்கள், முக்கோணமாக. படி வந்ததும் முக்கோணம் புரண்டு அடுத்த சக்கரத்தை மேல்படியில் வைக்கும். நடுவில் ஒரு தண்ணீர்க் கேன் உட்காரும். மேலே இரண்டு கைப்பிடிகள். அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறினால் வண்டி கூடவே வந்துவிடும்.

"பாருங்க சகலை, பூ மாதிரி ஏறுது" என்று கடை வாசலில் இழுத்துக் காட்டினார். ஏறத்தான் செய்தது.

மேட்டில் சில வீடுகளுக்குச் சோதனைக்காகச் சும்மா கொடுத்தார். பிறகு வீடு வீடாகப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கொத்தனார் வீட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள்.

"அருமையான வண்டி சார்" என்றார் கொத்தனார். "குறைன்னு ஒண்ணு சொல்ல முடியாது."

"தினமும் இழுக்கறீங்களா?"

"இழுக்காம? நீங்க குடுத்ததாச்சே."

வண்டி வாசலில் நின்றது. அதன் மேல் குடும்பத்தின் செருப்புகள் அத்தனையும் வரிசையாக இருந்தன.

"செருப்பு?" என்றார் சகலை.

கொத்தனார் வண்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அது வந்து சார், வண்டி காத்துல ஓடிடக் கூடாதுன்னு."

அடுத்த வீட்டில் அதன் மேல் பூந்தொட்டி. அதற்கடுத்த வீட்டில் கோழி. எல்லா வீட்டிலும் அருமையான வண்டி.

சகலையின் நிறுவனத்து இயக்குநர் இந்தத் தகவலைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல், மாதக் கடைசியில் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். படியில் வண்டி ஏறிக்கொண்டிருந்தால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய அச்சு வார்க்கலாம். செருப்பு ஏறிக்கொண்டிருந்தால் இந்த வேலையை மூடிவிட்டு வேறு பார்க்கலாம். அந்த 'வேறு'வில் சகலைக்கு இடம் இல்லை என்பதையும் நல்ல வார்த்தைகளில் சொல்லியிருந்தார்.

"என்ன குறைன்னு சொல்ல மாட்டேங்கறாங்களே சகலை. சொன்னாத்தானே சரிபண்ண முடியும்?" என்று என் கடைக்கு வந்து புலம்பினார்.

"சும்மா குடுத்தா எப்படிச் சொல்லுவாங்க? உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவானா? அதே ஆளைக் காசு குடுத்து ஓட்டல்ல சாப்பிடச் சொல்லுங்க, நாக்கு எவ்வளவு நீளம்னு தெரியும். வண்டியையெல்லாம் திரும்ப வாங்கிட்டு வந்து என் கடையில வைங்க. விலை சொல்லுவோம். அப்புறம் பாருங்க."

"விலையை அட்டையில எழுதித் தொங்கவிடட்டுமா?"

"கடையைக் கெடுக்காதீங்க. விலை எழுதினா யார் பேசுவா?"

பேசினார்கள். கடையில் பிளாஸ்டிக் பேசின் அடுக்குக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, கையில் போனைப் பிடித்து எல்லாவற்றையும் பதிவு செய்தபடி சகலை உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்தது மேட்டில் குடியிருக்கும் தையல்காரம்மா. இடுப்பில் குழந்தை. இந்த வட்டாரத்தில் அவளிடம் லாபம் வைத்து விற்றவன் யாரும் கிடையாது. நஷ்டமில்லாமல் தப்பித்தவர்கள் இருக்கிறோம்.

"என்ன அண்ணே இது, கால் ஒடிஞ்சவனுக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, அதா?"

"தண்ணி வண்டி தங்கச்சி. படியேறும்."

"நான்கூடத்தான் படியேறுறேன். எனக்கு யாரு விலை வெச்சா? சரி, என்ன சொல்றீங்க? வாங்கறதுக்கு இல்ல, சும்மா கேட்டு வெக்கறேன்."

சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"சக்கரம் தங்கத்துலயா?"

"தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க."

தூக்கினாள். உருட்டினாள். கவிழ்த்தாள். "கலரைப் பாரு, மருந்து பாட்டில் மாதிரி. இந்தக் கடகட சத்தத்துக்கு மேட்டுல இருக்கற நோயாளியெல்லாம் எழுந்து உக்காருவான். சக்கரமா இது, சட்டைப் பொத்தானா? இதோ நீட்டிக்கிட்டு இருக்கற போல்ட்டு என் துணியைக் கிழிக்கும். ஊருக்குத் துணி தைக்கறவ நானே கிழிசலைப் போட்டுக்கிட்டுத் திரியவா?" பிறகு நான் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே ஒன்றைச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டு இறங்கினாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. தெருமுனையில் நின்று, "நாளைக்கு வந்தா வர்றேன்" என்றாள். வாங்கிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

சகலை பேசின்களுக்குப் பின்னாலிருந்து வெளுத்த முகத்தோடு எழுந்தார். "இவ்வளவு தப்பா பண்ணியிருக்கேன்!"

அந்த நேரத்தில் நான் அவரிடம் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ஆனால் மொத்தச் சரக்கு எடுக்க வெளியூர் போகும் லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஏறிவிட்டேன். அன்று மாலைவரை அவர் உட்கார்ந்து, வந்தவர் போனவர் சொன்னதையெல்லாம் பதிவு செய்தாராம்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வண்டிகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நிறம் வெளிர்நீலம். சக்கரம் பெரிது, அதைச் சுற்றி ரப்பர். உருட்டினால் பஞ்சு உருள்வது போல் இருந்தது. போல்ட்டுகளுக்கு மூடி. சகலை தூங்காத கண்களோடு, பத்துப் பாடத்திலும் பாஸான பையன்போல நின்றுகொண்டிருந்தார். வெளிக்கூலி கொடுக்காமல் நிறுவனத்துப் பட்டறையில் தானே செய்ததாகச் சொன்னார்.

தையல்காரம்மா வந்தாள். நிறத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள். உருட்டினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள். போல்ட்டைத் தேடினாள். கடைசியாகக் குனிந்து வண்டிக்கு அடியில்கூடப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, பேசறதுக்கு ஒண்ணுமே விட்டு வெக்கலையே?"

"நல்ல சாமான் தங்கச்சி."

"நல்ல சாமானை முழு விலைக்கு வாங்க நான் என்ன ஏமாந்தவளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த முறை தெருமுனையில் நிற்கவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். ஒருவர் மட்டும் நீலத்தைக் குறை சொல்லப் பார்த்தார். அவருக்கே மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"அவங்க சொன்ன எல்லாத்தையும் சரிபண்ணிட்டேனே!" என்றார் சகலை.

"அது குறை இல்ல சகலை. பேரம்."

"அப்ப பொய்யா?"

"பொய்னு சொல்லாதீங்க. தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கு."

"அப்ப நிஜமான குறை என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அது எதுக்கு நமக்கு? வித்தாப் போதாதா?" என்றேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் இதுவரை மறுப்புச் சொன்னதில்லை.

அன்றே ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைப்பிடியின் நுனியில் சிவப்பு மூடி ஒன்றைச் செருகினேன், கோணலாக. வெளிர்நீலத்தின் மேல் அந்தச் சிவப்பு, வெள்ளைச் சட்டையில் சிந்திய சாயம் மாதிரி கண்ணைக் குத்தியது. சகலை இரண்டு தடவை அதை நேராக்கினார். இரண்டு தடவையும் நான் திருப்பினேன்.

தையல்காரம்மா பத்தடி தூரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். முகம் மலர்ந்தது. "இது என்ன அசிங்கம்?" என்று ஆரம்பித்து, அந்த ஒரு மூடியை வைத்தே என் வம்சத்தைத் தொட்டுப் பேசி, நான் நினைத்திருந்த விலைக்கு வந்து சேர்ந்து, என்னைக் கவிழ்த்துவிட்ட சந்தோஷத்தோடு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். அந்த வாரமே எல்லா வண்டியும் போய்விட்டது. செய்தி மாமனாருக்கும் எட்டியது. நாற்காலியைத் துடைக்கச் சொல்லியிருந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

சகலை மேட்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"செருப்பா?" என்றேன்.

"செருப்பு. ஒரு வீட்டுல தைக்க வந்த துணி. கோழிக்கு மட்டும் நீலம் பிடிச்சிருக்கு."

"வித்துட்டோம் இல்ல?"

"விக்கறது உங்க வேலை சகலை. ஏறணும். அதுதான் என் வேலை." போனில் பதிவு செய்ததை மறுபடி மறுபடி கேட்டார். கலர், சத்தம், சக்கரம், போல்ட்டு. இயக்குநர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மச்சினி எனக்குப் போன் போட்டு, "அத்தான், அவர் வீட்டுல கைப்பிடியைப் பிடிக்கற மாதிரி கையை வெச்சுக்கிட்டுப் பின்பக்கமாவே நடக்கறாரு. பயமா இருக்கு" என்றாள்.

இயக்குநர் வருவதற்கு முந்தின வாரம் தையல்காரம்மா கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் வண்டி. விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று என் தலைக்கு மேல் பலகை தொங்குகிறது. அவள் அதை வாசித்துவிட்டு, வாசிக்காத முகத்தோடு பேசினாள்.

"அண்ணே, ஒரு அருமையான சாமான் வந்திருக்கு. உங்களுக்குத்தான் முதல்ல காட்டறேன்."

"இது நான் வித்தது."

"இருக்கட்டுமே. இப்ப நான் விக்கறேன். கீறல் இருக்கா பாருங்க. கலர் எப்படி, கண்ணுக்கே குளிர்ச்சி. உருட்டினா பூனைகூட முழிக்காது. இப்படி ஒண்ணு இனிமே கிடைக்குமா?"

எதிரில் இருப்பவர் சாமானைப் புகழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ரத்தம் வேறு பக்கம் ஓடும். சகலை பேசின்களுக்குப் பின்னால் இருப்பதை மறந்தேன். அந்த வண்டி அவருடையது என்பதையும் மறந்தேன்.

"சக்கரம் தேஞ்சிருக்கு" என்றேன்.

"ஓட்டினாத்தானே தேயும்!" என்று சிரித்தாள்.

"கைப்பிடி மூடி கோணல்."

"அந்தக் கோணலுக்குத்தான் அன்னைக்கே விலை குறைச்சாச்சே. ஒரு கோணலுக்கு எத்தனை தடவை குறைப்பீங்க?"

"இரும்பு. கனம்."

"பின்னே, வாழை நாருலயா பண்ணுவாங்க?"

எனக்குக் கைவசம் இருந்தது தீர்ந்துகொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இழுக்க ரெண்டு கை வேணும் தங்கச்சி. மேட்டுல யாருக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கு?"

அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கடை வைத்திருப்பவனுக்கு இந்த மௌனம் தெரியும். இல்லாத குறையைச் சொன்னால் எதிராளி சிரிப்பான், திட்டுவான், பதிலுக்கு இரண்டு கொடுப்பான். இருக்கிற குறையில் கை பட்டுவிட்டால்தான் பேச்சு நிற்கும். நான் குருட்டடியாக அடித்தது எங்கேயோ பட்டிருந்தது.

பேசின் அடுக்கு ஆடியது. மேலே இருந்த இரண்டு உருண்டு விழுந்தன. சகலையின் தலை எழும்பியது.

"இவரு எப்ப வந்தாரு?" என்றாள் திடுக்கிட்டு.

"கொஞ்ச நாளா இங்கதான் இருக்காரு" என்றேன்.

"ஒரு கை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் சகலை.

அவள் இடுப்பைக் காட்டினாள். "இவனை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? குழந்தை இல்லாதவ மட்டும் என்ன, அந்தப் படியில சுவத்தைப் பிடிக்காம ஏறிடுவாளா? பாசி வழுக்கும். கேனைத் தலையில வெச்சா ஒரு கை கேனுக்கு, ஒரு கை சுவத்துக்கு. உங்க வண்டி ரெண்டையும் கேக்குது. அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு ஏறணும்."

"முதல்லயே ஏன் சொல்லல? அவ்வளவு குறை சொன்னீங்களே!"

"அதைச் சொன்னா இவரு விலை குறைப்பாரா?" என்று என்னைக் காட்டினாள். "கலர் நல்லா இல்லன்னா அது சாமானோட குறை. எனக்குக் கை பத்தலன்னா அது என் பாடு. என் பாட்டைக் கடையில வந்து கொட்டுவாங்களா?"

சகலை வண்டியின் முன் மண்டியிட்டு, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகையைத் திருப்பிச் சுவர்ப் பக்கமாக மாட்டினேன். நாலு நாளில் வேறு வண்டி தருகிறோம் என்று சொன்னேன். அதுவரை காத்திருப்பதற்காக ஒரு சின்ன வாளியைச் சும்மா வாங்கிக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் சகலை மாமனாரின் கிடங்குக்குப் போய், குழந்தை கனத்துக்கு ஒரு பயறு மூட்டை கேட்டார். கேட்டதும் கிடைத்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிடங்கின் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். மாமனார் தராசுக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, மூட்டை தூக்கித் தானா பழகறான்" என்று என் மனைவியிடம் சந்தோஷப்பட்டாராம்.

இரண்டு கைப்பிடிகளும் போய், நடுவில் ஒரே வளையம் வந்தது. ஒரு கை உள்ளே போகும். கேன் ஒரு சாண் கீழே இறங்கியது, வண்டி பக்கவாட்டில் சாயாமல் இருக்க. ஆள் முன்னால் பார்த்து ஏறலாம். நடுவில் நின்றால் வண்டி பின்னால் சரியாதபடி சக்கரத்தில் ஒரு சின்னக் கொக்கி. கைப்பிடிக்கான இரும்புக் குழாய் ஒன்று மிச்சமானதால் விலையும் இறங்கியது. அதை நான் வெளியில் சொல்லவில்லை. மேட்டில் விற்ற வண்டிகளையெல்லாம் வாங்கி மாற்றிக் கொடுத்தோம். கோழி இருந்த வீட்டில் மட்டும் தர மறுத்தார்கள். பழையதே போதும் என்றார்கள்.

இயக்குநர் காலையில் வந்தார். வெளுத்த கால்சட்டை, மெல்லிய தோல் செருப்பு, கையில் கோப்பு. சகலை மேட்டின் மேலே கொத்தனார் வீட்டில் அவரை உட்காரவைத்து, வரைபடம் காட்டி, நிதானமாக விளக்குவதாகத் திட்டம். மூவரும் படியேறினோம். இயக்குநர் நாலாவது படியிலேயே சுவரைப் பிடித்தார். சகலை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பாதி ஏறியிருப்போம். கீழே குழாயில் காற்று சீறியது. அடுத்த நொடி மேட்டின் ஒவ்வொரு கதவும் திறந்தது. காலி வண்டிகள் எங்களைத் தாண்டி இறங்கின. "ஓரம் ஓரம்!" என்று சத்தம். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். இறங்கியவர்கள் நிரப்பிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். முதலில் தையல்காரம்மா. இடது இடுப்பில் குழந்தை, வலது கையில் வளையம். கேன் படிக்குப் படி புரண்டு அவள் பின்னால் வந்தது.

"அம்மா, இந்த வண்டி உங்களுக்கு எப்படி..." என்று இயக்குநர் கோப்பைத் திறந்தார்.

"தண்ணி நிக்கறதுக்குள்ள இன்னொரு நடை போகணும். கோப்பை மடக்குங்க, இடிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி, சுவரில் ஒரு கை. அவளுக்குப் பின்னால் கொத்தனார். இயக்குநருக்கு வணக்கம் சொல்லச் சுவரிலிருந்து கையை எடுத்தார், வழுக்கினார், கொக்கி பிடித்து வண்டி நின்றது, வணக்கத்தை விட்டுவிட்டு ஏறினார். போகிற போக்கில் அவர் சக்கரம் இயக்குநரின் செருப்பு மேல் ஏறி இறங்கியது.

இயக்குநர் செருப்பைப் பார்த்தார். கீழே பார்த்தார், அடிவாரம்வரை வெளிர்நீலம்.

"அச்சு வார்த்துடலாம்" என்றார் இயக்குநர்.

இரைச்சலில் சகலைக்குக் காதில் விழவில்லை. இயக்குநர் மறுபடி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் கீழேயிருந்து கேனோடு ஏறி வந்த யாரோ, "அதை ஓரமா நின்னு சொல்லுங்க சார், வழியை விடுங்க" என்றார்கள்.

தண்ணீர் நிற்கும்வரை எங்களால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.